இரிமுவின் சுண்டுவிரல்

அந்தக் கதையை எங்க அக்கா மகளுக்குச் சொன்னது நான்தான். "ஆப்பிரிக்காப் பேய்க்கதையெல்லாம் சொல்லிச் சொல்லிப் பிள்ளை மூளையைக் கெடுத்துட்டா"ன்னு முகாம்ல சில பொம்பளைங்க என் காதுபடவே பேசினாங்க. பேசட்டும். மூளையைக் கெடுத்தது கதையா? வரிசை வீடுங்களா நின்ன ஒரு முழு லயத்தையும் அதுக்குள்ள இருந்த ஆளுங்களையும் பட்டப்பகல்ல மண்ணு மூடிட்டுப் போனா, யாரு மூளைதான் நல்லாயிருக்கும்? இருந்தாலும் அந்தக் கதை எங்க மலைக்கு எப்படி வந்துச்சுன்னு சொல்லிடணும். இல்லாட்டி அந்தப் பிள்ளை ஏன் கத்தியை எடுத்துக்கிட்டு ஓடுச்சுன்னு யாருக்கும் வெளங்காது.

நான் வெளிநாட்டுல வீட்டுவேலை செஞ்சவ. டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள்ல வீட்டுக்கு ஒருத்தி அப்படிப் போயிருக்கா, அதுல புதுமை ஒண்ணுமில்ல. நான் போய்ச் சேர்ந்த வீட்டுல எனக்கு முன்னாலயே ஒரு கென்யாக்காரி வேலைக்கு இருந்தா. நல்ல உயரம். சிரிச்சா அலுமாரியில உள்ள பாத்திரமெல்லாம் அதிரும், ஆனா மேடம் வீட்டுல இருக்கறப்ப சிரிப்பை முழுங்கிக்குவா. அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவ பாஷை தெரியாது. ரெண்டு பேரும் குசினியில பொறுக்கின அரபுலதான் பேசிக்குவோம். என்னை 'உக்தி'ன்னு கூப்பிடுவா. அக்கான்னாலும் தங்கச்சின்னாலும் அங்க அந்த ஒரே சொல்லுதான்.

ஒருநாள் மேடம் ஒரு பெரிய குவியல் கீரையைக் கொண்டாந்து போட்டுட்டு ஆயச் சொன்னாங்க. நான் குந்தி உக்காந்து, கொழுந்து எடுக்கிற பழக்கத்துல ரெண்டு கையாலயும் நுனியைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டேன். தலையைத் தூக்கிப் பாத்தா எதிர்ல அவளும் அதே மாதிரி ரெண்டு கையாலயும் கிள்ளிக்கிட்டு இருக்கா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "ஷாய்?"னு கேட்டேன், தேயிலையான்னு. "ஷாய்!"ன்னா. அவளும் தேயிலை மலைக்காரி! முராங்கான்னு ஒரு ஊராம். செம்மண்ணு, பனி, மலைச்சரிவு, கூடை, அட்டைக்கடியைத் தவிர எல்லாம் எங்க மாதிரித்தான். நாங்க ரெண்டு பேரும் அன்னைக்குக் கீரையை மறந்துட்டு பேசினோம், மேடம் வந்து ரெண்டு பேரையும் திட்டித் தீர்த்தாங்க.

அவ கிக்கூயு ஜனம். துணி அயர்ன் பண்றப்பத்தான் கதை சொல்லுவா. அவங்க சாமிக்குப் பேரு ங்காய். கிரின்யாகாங்கற பனிமலை உச்சியில உக்காந்திருப்பாராம். முதல் மனுசன் பேரு கிக்கூயு, அவன் பொஞ்சாதி மூம்பி. அவங்களுக்குப் பொறந்ததெல்லாம் பொண்ணுங்க. கட்டிக்குடுக்க ஊருல வேற ஆம்பளையே இல்ல. அப்பன்காரன் போய் அத்தி மரத்தடியில ஆடு வெட்டிச் சாமியைக் கும்பிட்டானாம். பொண்ணுக்கு ஒருத்தனா மாப்பிள்ளைங்க அந்த மரத்தடியில வந்து நின்னாங்களாம். இன்னைக்கும் அந்தப் பொண்ணுங்க பேருலதான் குலம் சொல்லிக்கிறாங்களாம். "எவ்வளவு சீதனம் கேட்டானுங்க?"ன்னு நான் கேட்டேன். அவளுக்கு முதல்ல கேள்வியே வெளங்கல. வெளங்கினதும் விழுந்து விழுந்து சிரிச்சா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்கதான் ஆடும் மாடும் கொண்டாந்து குடுக்கணுமாம். எனக்கு அந்த ஜனத்தை ரொம்பப் புடிச்சுப் போச்சு.

நானும் சும்மா விடல. தேயிலை பக்டரி ரோதையை, அந்த மெசின் சக்கரத்தைக் காவல் காக்கிற ரோதமுனியைப் பத்திச் சொன்னேன். மலைக்குத் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போறதுக்கு முன்னால, கத்தியையெல்லாம் வரிசையா வச்சுத் தேங்காய் உடைச்சுக் கும்பிடறதைச் சொன்னேன். அவ தலையை ஆட்டிக்கிட்டே கேட்டா. மலையில சாமி இருக்குன்னா எதிரியும் இருக்கணுமேன்னு சொல்லிட்டு, அன்னைக்குத்தான் இரிமு கதையை எடுத்தா.

இரிமுங்கறவன் முன்னால பாத்தா மனுசன். நல்ல அழகன், பொண்ணுங்க மயங்கிடுவாங்க. ஆனா பின்மண்டையில அவனுக்கு இன்னொரு வாய் இருக்கும். முடியைத் தழைய விட்டு அதை மூடி வச்சிருப்பான். நம்மகூட இளிச்சுப் பேசிக்கிட்டே அந்தப் பின்வாயால ஈயைப் புடிச்சுத் திம்பான். அவனுக்குப் பசி வந்தா ஊரையே முழுங்குவான், ஆளு, ஆடு, மாடு, அடுப்பு, குடிசை, எதையும் விட மாட்டான். கடைசியில ஒரு வீரன் ஈட்டியோட வந்து அவனைக் குத்திச் சாய்ப்பான். சாகறப்ப இரிமு சொல்லுவானாம், "என் சுண்டுவிரலை வெட்டு, நான் முழுங்கின எல்லாரும் அது வழியா வந்துடுவாங்க"ன்னு. வெட்டினா முதல்ல மாடு வரும். அப்புறம் ஆடு. அப்புறம் வரிசையா ஆளுங்க, உசுரோட, சிரிச்சுக்கிட்டு.

"எல்லாருமா?"ன்னு கேட்டேன். "எல்லாரும், உக்தி"ன்னா. அந்த வீட்டுல அடைஞ்சு கெடந்த எங்க ரெண்டு பேருக்கும் அந்த இடம் வர்றப்ப ஒரு தெம்பு வரும். திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேப்பேன்.

ஒப்பந்தக் காலம் முடிஞ்சு அவ அவ ஊருக்குப் போனா, நான் என் தோட்டத்துக்கு வந்துட்டேன். போன்ல பேச்சு மட்டும் விடல. எனக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. நான் கீழ பணிய லயத்துல இருந்தேன், அக்கா மேட்டு லயத்துல, எங்க தாத்தா காலத்து ஒத்தைக் காம்பரா வீட்டுல. மச்சான் கொழும்புல ஒரு சாப்பாட்டுக் கடையில வேலை. அவங்களுக்கு ஒரே மகள், ரெண்டாம் வகுப்புப் படிக்குது. கண்ணு ரெண்டும் முட்டை முட்டையா, கேள்வி கேட்டே ஆளைக் கொல்லும். பொழுது சாஞ்சா அக்கா வீட்டு முன்வாசல் இஸ்தோப்புல உக்காந்து கதை சொல்லுவேன். லயத்துப் பிள்ளைங்க எல்லாம் வந்து சுத்தி உக்காந்துக்கும். ஆனா இரிமு கதைக்கு இவதான் சொந்தக்காரி. "எந்தக் கைச் சுண்டுவிரல், சின்னம்மா?" "நகத்தோடயா வெட்டணும்?" "வெட்டினா ரத்தம் வராதா?" அக்கா உள்ள ரொட்டி தட்டிக்கிட்டே சத்தம் போடுவா. "ஏண்டி, வெளிநாடு போய் நீ கொண்டாந்தது இந்தப் பேய்தானா? பிள்ளை ராத்திரியில பயப்படப் போகுது!" அப்படிச் சொல்லுவாளே தவிர, விரலை வெட்டற இடம் வர்றப்ப ரொட்டி தட்டற சத்தம் நின்னுடும். அவளும் கேப்பா.

அந்த வருசம் மழை விட்டபாடில்ல. விறகு பொறுக்கப் போன அக்கா, மேட்டு லயத்துக்குப் பின்னால மலை உச்சியில, மானாப்புல்லுக்குள்ள ஒரு வெடிப்பைப் பாத்துட்டு வந்தா. காலை விட்டா முழங்கால் வரைக்கும் போகுதுன்னா. அன்னைக்கே கங்காணிகிட்டச் சொன்னா. கங்காணி கண்டாக்குகிட்டச் சொன்னாரு. கண்டாக்கு ஐயா தொரைகிட்டச் சொன்னாராம். தொரை மேல எழுதிப் போட்டிருக்கேன்னாராம். மேல இருந்து யாரோ வந்து பாப்பாங்களாம். வந்து பாத்தா எங்க போய் இருக்கச் சொல்றாங்கன்னு பாக்கலாமாம். நாசமாப் போச்சு! ஒரு வார்த்தை, "வெளிய போங்க"ங்கற ஒரே ஒரு வார்த்தை, அது மலை ஏறி மலை இறங்கி எங்ககிட்ட வர்றதுக்குள்ள எத்தனை பேரு வாயில தங்கித் தங்கி வந்துச்சு! காலையில பேரு கூப்பிடற பெரட்டுக் களத்துல அக்கா எல்லார் முன்னாலயும் கேட்டா, "இப்ப நாங்க இருக்கறதா போறதா?"ன்னு. "போறதுன்னா எங்க போவே?"ன்னு திருப்பிக் கேட்டாங்க.

மழை கொட்டுதுன்னு அன்னைக்கு அரைநாளோட மலையில வேலையை விட்டுட்டாங்க. இஸ்கூலையும் விட்டுட்டாங்க. பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வரச் சொல்லி அக்கா எனக்கு போன் பண்ணினா. "நான் நனைஞ்ச படங்கைக் காயப் போட்டுட்டு அடுப்பைப் பத்த வைக்கிறேன், நீ அவளைக் கூட்டிக்கிட்டு நேரா இங்க வந்துடு, சூடா சாப்பிடலாம்"ன்னா. என்கூட அவ பேசின கடைசிப் பேச்சு அதுதான். நானும் பிள்ளையும் ஒரு குடைக்குள்ள ஒண்டிக்கிட்டு பாலத்துகிட்ட வந்தோம். அப்பத்தான் லொறியில இருந்து கருங்கல்லு கொட்டற மாதிரி ஒரு சத்தம். தலையைத் தூக்கிப் பாத்தேன். மேட்டு லயம் இல்ல. மலை இருந்துச்சு, கோயில் மேடை இருந்துச்சு, நடுவுல லயம் மட்டும் இல்ல.

பிள்ளை என் சேலையைப் புடிச்சு இழுத்து, "சின்னம்மா, எங்க வீடு எங்க?"ன்னுச்சு.

அப்புறம் நடந்ததையெல்லாம் கோர்வையாச் சொல்ல என்னால முடியாது. ஓடினோம். கையால தோண்டினோம். மம்பட்டி, அலவாங்கு, தகரம், எது கெடைச்சுச்சோ அதால தோண்டினோம். ஆமிக்காரங்க வந்தாங்க, பாதையைத் தொறந்து மண்ணு அள்ளற பெக்கோ மெசினைக் கொண்டாந்தாங்க. எங்க தோண்டணும்னு அவங்க கேட்டப்ப நாங்கதான் காட்டினோம். காட்டாம இருப்போமா? எங்க தாத்தா இருந்த காம்பரா, எங்கம்மா எங்களைப் பெத்த காம்பரா, கண்ணைக் கட்டி விட்டாலும் நாங்க போய் நிப்போம். கோயில் மேடை மட்டும் தப்பிச்சு நின்னுச்சு. அதுல இருந்து கையை நீட்டி, "இதுக்கு நேரா முதல் காம்பரா, இது பூசாரி காம்பரா, இது எங்க காம்பரா"ன்னு ஆளாளுக்கு அடிச்சுச் சொன்னோம். மச்சான் பஸ் இல்லாம பாதி வழி நடந்தே வந்து சேர்ந்தாரு. வந்ததும் வராததுமா அவரும் அதே இடத்துல போய் நின்னு, "இங்கதான் அடுப்பு, இங்கதான் அவ இருப்பா"ன்னு கதறினாரு. மெசின் அங்கயே தோண்டுச்சு. தோண்டத் தோண்ட மேல இருந்து மண்ணு சரிஞ்சு குழியை மூடுச்சு. மறுபடி தோண்டுச்சு. லயம் இருந்த இடத்துலதான் ஆளும் இருக்கும்னு நாங்க சத்தியம் பண்ணாத குறை. ஓடின மண்ணு வீட்டையும் ஆளையும் தூக்கிக்கிட்டு ஓடியிருக்கும்னு எங்க ஒருத்தருக்கும் தோணல. அந்தக் காம்பரா நகரும்னு எங்களால நெனைக்கவே முடியல.

எங்களை இஸ்கூல்ல முகாம் போட்டு வச்சாங்க. பிள்ளை அழல. சோறு குடுத்தா வாயில வச்சுக்கிட்டே இருக்கும், முழுங்காது. திடீர்னு காணாமப் போகும். முதல் தடவை காணாமப் போனப்ப எனக்கு உசுரே போயிருச்சு. தேடிக்கிட்டுப் போனா, கீழ பாலத்துக்கிட்ட நிக்குது. மலையில இருந்து வந்த மண்ணு தேயிலையெல்லாம் மூடிக்கிட்டு வந்து, லயத்துப் பக்க ஓடைக்கரையில அஞ்சாறாப் பிரிஞ்சு கெடந்துச்சு. கடைசியா ஓரத்துல ஒண்ணு, சின்னதா ஒல்லியா நீண்டு கெடந்துச்சு. பிள்ளை அது மேல குந்திக்கிட்டு, என் காம்பராவுல எரவாணத்துல சொருகியிருந்த பழைய கவ்வாத்துக் கத்தியால கொத்திக்கிட்டு இருந்துச்சு.

"அடியே! என்னாடி பண்றே?"ன்னு ஓடிப்போய்க் கையைப் புடிச்சேன்.

"விடு சின்னம்மா. இதுதான் சுண்டுவிரல்."

நான் அது கையை விடல.

"மலைதான் இரிமு"ன்னு பொறுமையா எனக்குப் பாடம் சொல்ற மாதிரி சொல்லுச்சு. "முன்னால தேயிலை, அழகா இருக்கு. வெள்ளைக்காரங்கல்லாம் வந்து போட்டோ எடுக்கறாங்க. பின்னால உச்சியில புல்லுக்குள்ள வாய். அம்மா பாத்துட்டு வந்து சொன்னாங்கல்ல, காலு உள்ள போகுதுன்னு? அது வாய் சின்னம்மா. நமக்குத்தான் தெரியல."

கத்தியைப் புடுங்கி ஓடையில வீசலாம்னு கை போச்சு. பிள்ளை மொகத்தைப் பாத்தேன். இத்தனை பேரு ஒப்பாரி வச்சுக்கிட்டு இருக்கற இடத்துல அது ஒண்ணுதான் வேலை செய்யற மொகத்தோட இருந்துச்சு. "அது கதைடா கண்ணு"ன்னேன். "நீ அப்ப அப்படிச் சொல்லலையே"ன்னுச்சு. தூக்கிக்கிட்டு வந்தேன், வழி முழுக்க என் தோளைக் கடிச்சுச்சு. அடுத்த நாளும் போச்சு. கத்தியை ஒளிச்சு வச்சேன், சிரட்டையை எடுத்துக்கிட்டுப் போச்சு. சிரட்டையைப் புடுங்கினேன், நகத்தால பறிச்சுச்சு. விரல் நுனியெல்லாம் பிஞ்சு, பிள்ளை கை மாதிரியே இல்ல.

எனக்கு யாருகிட்டப் போய்ச் சொல்றதுன்னு தெரியல. மண்ணு சரிஞ்சதுல இருந்து பாலத்துக் கல்லு மேல ஏறி நின்னாத்தான் டவர் கெடைக்கும். அங்க நின்னு கென்யாக்காரிக்கு போன் போட்டேன். எங்களுக்குத் தெரிஞ்ச அந்த ஓட்டை அரபுல அழுதுகிட்டே எல்லாத்தையும் கொட்டினேன். "உன் கதையைக் கேட்டுட்டு எங்க பிள்ளை மலையைத் தோண்டுதுடி! இதை எப்படி நிறுத்தறது? சொல்லு! உங்க ஊர்ல பிள்ளைங்க இப்படி நம்பினா என்னா செய்வீங்க?"

அவங்க பக்கத்துலயும் மலை சரிஞ்சிருக்காம், அவ மாமன் குடும்பம் ஒண்ணு அப்படிப் போனதாம். எனக்கு அதைச் சொன்னதே இல்ல. "இதுக்கு வேற கதை இருக்கு, உக்தி"ன்னா.

ங்காய் சாமி மனுசங்களுக்கு ஒரு செய்தி அனுப்பினாராம், செத்தவங்க திரும்பி வருவாங்கன்னு. அதைக் கொண்டு போகச் சொல்லிப் பச்சோந்தியை அனுப்பினாரு. பச்சோந்தி ஒரு காலை முன்னால வைக்கும், யோசிக்கும், பின்னால இழுக்கும். ஒருவழியா வந்து சேர்ந்துச்சு. எல்லாரும் கூடி நின்னாங்க. அதுக்கு வாய் திக்குச்சு. "எ... என்னைச் சொ... சொல்லச் சொன்னது..."ன்னு இழுத்துக்கிட்டே நின்னுச்சு. அதுக்குள்ள ஒரு குருவி பறந்து வந்து, "செத்தவங்க செத்தவங்கதான், திரும்ப மாட்டாங்க"ன்னு பளிச்சுன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. முதல்ல சொல்லி முடிச்ச சொல்லுதான் நின்னுச்சு. அதனால இன்னைக்கும் அவங்க ஆளுங்களுக்குப் பச்சோந்தியைக் கண்டாலே ஆகாதாம்.

"ஏண்டி, இதை ஏன் நீ எனக்கு அப்பவே சொல்லல?"ன்னு கத்தினேன்.

"அந்த வீட்டுல நம்ம ரெண்டு பேருக்கும் இரிமு கதைதான் தேவைப்பட்டுச்சு"ன்னா. அவளும் அழுதா. எனக்கு அவளைத் திட்டவும் மனசு வரல, திட்டாம இருக்கவும் முடியல.

போனை வச்சுட்டு வந்து பிள்ளையைப் பக்கத்துல உக்கார வச்சேன். கங்காணி, கண்டாக்கு, தொரை, மேல இருக்கறவங்க எல்லாரும் என் கண்ணு முன்னால ஒரு பச்சோந்தியாத்தான் நின்னாங்க. கதையைச் சொன்னேன். பிள்ளை கவனமாக் கேட்டுச்சு. கேட்டுட்டு, "அப்புறம் பச்சோந்தி என்னா செஞ்சுச்சு?"ன்னுச்சு.

"அப்புறம் என்னா? அவ்வளவுதான்."

"இல்ல. அது இன்னும் சொல்லி முடிக்கலைல்ல? எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாங்களா? ஒருத்தராவது இருந்து முழுசாக் கேட்டிருக்கணும், சின்னம்மா."

சொல்லிட்டு எந்திரிச்சு மறுபடி பாலத்துப் பக்கம் போச்சு.

அதுக்கப்புறம் அதிகாரிமாரு, பெரியவங்கெல்லாம் வந்து கூட்டம் போட்டாங்க. மலை இன்னும் அசையுது, மெசினையும் ஆளையும் அங்க வைக்க ஏலாது, தேடறதை நிறுத்தறோம்னாங்க. அந்த எடத்தையே அடக்கம் பண்ணின எடமா நெனைச்சுக்கணுமாம். ஐயரு, புத்த கோயில் ஹாமதுரு, பாதரு மூணு பேரும் வந்து நின்னு சாமி கும்பிட்டாங்க. ஒண்ணும் கெடைக்காத வீட்டுக்காரங்க வைக்கோல்ல உருவம் கட்டி, செய்ய வேண்டியதைச் செய்யலாம்னு பேசினாங்க. மச்சான் தலையை ஆட்டினாரு. அவரு பாவம், அதுக்கு மேல அவருக்குத் தெம்பில்ல.

தப்படிக்கிறவர் தப்பைத் தீயில காய வச்சு ரெண்டு தட்டுத் தட்டியிருப்பாரு, பிள்ளை எங்க இருந்துதான் வந்துச்சோ, பாஞ்சு அவரு கையில தொங்குச்சு. "அடிக்காதீங்க! அடிக்காதீங்க மாமா! தப்படிச்சா எங்கம்மா செத்துடுவாங்க! நான் இன்னும் வெட்டி முடிக்கல!"

அந்த மனுசன் தப்பைக் கீழ வச்சுட்டு மொகத்தைப் பொத்திக்கிட்டு அழுதாரு. மச்சான் பிள்ளையை அறைய ஓங்கின கையை அப்படியே தன் நெஞ்சுல அடிச்சுக்கிட்டாரு. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு வெறி. பிள்ளையைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, மழையில சறுக்கிச் சறுக்கி ஓடிப்போய், கெளம்பத் தயாரா நின்ன பெக்கோவுக்கு முன்னால நின்னேன். ஓட்டறவன் ஒரு ஆமிக்காரப் பொடியன். அவனுக்கு எனக்குத் தெரிஞ்ச சிங்களத்துல சொன்னேன், கீழ பாலத்துகிட்ட அந்தச் சின்ன எடத்தை மட்டும் தோண்டிக் குடுத்துட்டுப் போன்னு.

"அக்கே, எத்தன மொகுத் நே"ன்னான். அங்க ஒண்ணுமே இல்லையேன்னு.

"எனக்கும் தெரியும்டா ஒண்ணுமில்லன்னு!" எனக்குச் சிங்களமும் தமிழும் கலந்து வந்துச்சு. "ஒண்ணுமில்லன்னு இந்தப் பிள்ளைக்குக் காட்டு! காட்டினாத்தான் இது சோறு திங்கும். காட்டினாத்தான் இது இங்க இருந்து வரும். உன் காலுல விழறேன்டா தம்பி!"

நெசமாவே விழப் போனேன். அவன் பிள்ளை கையைப் பாத்தான். அந்த விரலுங்களைப் பாத்தான். பெரியவங்க நிக்கிற பக்கம் ஒரு தரம் திரும்பிப் பாத்துட்டு, பேசாம மெசினைக் கீழ இறக்கினான்.

சத்தியமாச் சொல்றேன், நான் அக்காவைத் தேடி அவனைக் கூட்டிக்கிட்டுப் போகல. பிள்ளை மனசுல இருக்கற அந்த நம்பிக்கையைக் கொல்லத்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். வெறும் மண்ணைக் காட்டி, பாத்தியா, ஒண்ணுமில்லன்னு சொல்லித் தூக்கிக்கிட்டு வந்துடணும்னு இருந்தேன். பிள்ளை என் கழுத்தைக் கட்டிக்கிட்டு, "மெதுவாத் தோண்டச் சொல்லு, ஆளு மேல படாம"ன்னு என் காதுல சொல்லிக்கிட்டே இருந்துச்சு.

மண்ணை ரெண்டு மூணு தடவை அள்ளி ஒதுக்கியிருப்பான். அப்புறம் மெசினை நிறுத்திட்டான். எறங்கி வந்து கையால மண்ணைத் தள்ளினான். முதல்ல படங்கு தெரிஞ்சுச்சு, மலைக்கு இடுப்புல கட்டிக்கிட்டுப் போற அந்த நீல ரப்பர்த் துணி. காயப் போடப் போறேன்னு சொன்னாளே, அவுக்கக் கூட நேரம் இருக்கல. அப்புறம் தோள். அப்புறம் எங்க அக்கா. ஒரு கையை மொகத்துக்கு முன்னால மடக்கி வச்சிருந்தா. மேல நாங்க கோயில் மேடையில நின்னு அத்தனை நாளும் அடிச்சுச் சொன்ன எடத்துக்கும் அவளுக்கும் ஒரு மலை தூரம். பிள்ளை பறிச்ச குழிக்கும் அவளுக்கும் ஒரு முழம் இருக்காது.

நான் கத்தினதை டயகம டவுன்ல கூடக் கேட்டிருக்கும். பிள்ளை என் இடுப்புல இருந்து எறங்குச்சு. யாரும் அதைத் தடுக்கல. அக்கா பக்கத்துல குந்தி, மொகத்துல இருந்த மண்ணைத் தன் கவுன் நுனியால தொடைச்சுச்சு. "அம்மா"ன்னுச்சு. "அம்மா, வெளிய வந்துட்ட. எந்திரி"ன்னுச்சு. காத்திருந்துச்சு. அந்த ஆமிக்காரப் பொடியன் தொப்பியைக் கழட்டிட்டுத் திரும்பி நின்னுக்கிட்டான்.

அப்புறம் என்னைத் திரும்பிப் பாத்துச்சு. அழல. "நான் மெதுவா வெட்டிட்டேன், சின்னம்மா"ன்னுச்சு. "இன்னும் வேகமா வெட்டியிருந்தா உசுரோட வந்திருப்பாங்க."

"ஐயோ, இல்லடி! இல்லடி என் கண்ணு!" நான் சேத்துல விழுந்து அதைக் கட்டிக்கிட்டேன். "அம்மா அப்பவே போயிட்டாடி! அந்தச் சத்தம் கேட்டுச்சே, அந்த நிமிசமே போயிட்டா! உன்னால ஒண்ணுமில்ல, யாராலயும் ஒண்ணுமில்ல, அம்மா அன்னைக்கே போயிட்டா!"

பிள்ளை என் கையை விலக்கிட்டு என் மொகத்தை நேராப் பாத்துச்சு.

"உனக்கு எப்படித் தெரியும்? நீ என்கூடத்தானே பாலத்துல நின்ன?"

மச்சான் ஓடி வந்துக்கிட்டு இருந்தாரு. மேல இருந்து எல்லாரும் எறங்கி வந்துக்கிட்டு இருந்தாங்க. பிள்ளை பதிலுக்காக என்னையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. எனக்குத் தெரியாது. இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.